செவன் சிஸ்டர்ஸ் குன்றுகளில் ஒரு நாள் நடை: முதன்முதலாகக் குழு சேர்த்துப் போகிறவர்களுக்கு

லண்டனுக்கு வந்த புதிதில் சனிக்கிழமை என்றால் எங்களுக்கு ஈஸ்ட் ஹாமில் காய்கறி வாங்குவது, ஒரு தோசை சாப்பிடுவது, வீட்டுக்கு வந்து தூங்குவது. அவ்வளவுதான். ரயில் ஜன்னலுக்கு வெளியே பச்சைப் பசேலென்று மேய்ச்சல் நிலம் ஓடும். அதில் இறங்கி நடக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. எவர் நிலமோ, நடந்தால் விரட்டுவார்களோ, நாய் கிடக்குமோ என்ற தயக்கம். இன்றும் படிக்க வருகிற பிள்ளைகளிடமும், வேலைக்கு வந்து ஓராண்டு ஆனவர்களிடமும் அதே தயக்கத்தைப் பார்க்கிறேன்.

அவர்களுக்காகத்தான் இது. எட்டு ஒன்பது பேர் சேர்ந்து காலையில் லண்டன் விக்டோரியா நிலையத்தில் ரயிலேறி, சவுத் டவுன்ஸ் வே என்னும் நெடுந்தூர நடைவழியின் கடைசித் துண்டை, செவன் சிஸ்டர்ஸ் (ஏழு சகோதரிகள்) என்னும் கடலோரக் குன்றுகள் வழியாக நடந்து முடித்து, இருட்டுவதற்குள் ஈஸ்ட்போர்னில் ரயிலேறித் திரும்புவது எப்படி என்று சொல்கிறேன். எக்ஸீட் என்ற இடத்தில் தொடங்கி ஈஸ்ட்போர்ன் நிலையம் வரை ஏறக்குறைய 15 கிலோமீட்டர். தனியாகப் போகிறவருக்கு இந்தக் கட்டுரை தேவையே இல்லை; அம்புக்குறியைப் பார்த்து நடந்தால் போதும். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்குத்தான் வேலை அதிகம்.

இது யாருடைய பாதை?

நம் ஊர் நிலப் பத்திரங்களில் "மாமூல் தடத்தில் நடக்கவும், வண்டி வாகனங்கள் ஓட்டிச் செல்லவும் பாத்தியம்" என்று ஒரு வரி வரும். இங்கிலாந்தின் கிராமப்புறப் பாதைகளும் ஏறத்தாழ அப்படித்தான். நிலம் தனியாருடையது, அதன்மேல் போகிற பாதையில் நடக்கிற உரிமை ஊருக்கெல்லாம் பொது. "பப்ளிக் ஃபுட்பாத்" என்ற பலகையோ மஞ்சள் அம்போ இருந்தால் கால்நடையாகப் போகலாம். நீல அம்பு என்றால் "பிரைடில்வே". அங்கே குதிரையும் சைக்கிளும் வரும், ஒதுங்கி வழிவிடுங்கள். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பாதையை விட்டு விலகி நடக்கும்போதுதான் கேள்வி வரும்.

ஊர்ப் பாதைகளைக் கோத்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு நெடுவழிகள் அமைப்பதற்கு 1949-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. முதலில் திறக்கப்பட்டது வடக்கே உள்ள பென்னைன் வே, 1965-இல். சவுத் டவுன்ஸ் வே 1972-இல் வந்தது. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை இன்று 160 கிலோமீட்டர். இந்த வரிசையில் உள்ள எல்லா வழிகளுக்கும் ஒரே சின்னம்: தொப்பி போட்ட ஓக் மரக் கொட்டை. கம்பத்தில் அந்தக் கொட்டையைப் பார்த்தால் சரியான வழியில் இருக்கிறீர்கள்.

கிழக்குக் கோடியில் ஆல்ஃப்ரிஸ்டன் கிராமத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. குதிரைக்காரர்களும் சைக்கிள்காரர்களும் உள்நாட்டு வழியாக ஜெவிங்டன் பக்கம் போவார்கள். நடப்பவர்களுக்கு மட்டுமே உரியது கடலோர வழி. நாம் போவது அதில்.

ஆள் சேர்ப்பது

ஒன்பது பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். இது ஜாதகக் கணக்கல்ல, டிக்கெட் கணக்கு. மூன்று முதல் ஒன்பது பேர் வரை சேர்ந்து பயணம் செய்தால், நெரிசல் இல்லாத நேர ரயில்களில் குரூப்சேவ் என்ற சலுகையில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். போகும்போதும் வரும்போதும் எல்லோரும் ஒன்றாகவே பயணிக்க வேண்டும் என்பது நிபந்தனை. இன்னொரு காரணமும் உண்டு: ஒன்பது பேர் என்றால் தலையை ஒரே பார்வையில் எண்ணிவிடலாம். பதினாறு பேரைக் கூட்டிப் போய், மலையேற்றத்தில் எண்ணி எண்ணி எனக்குத் தலை சுற்றியிருக்கிறது. கூட்டம் சேர்ந்துவிட்டால் இரண்டு குழுவாகப் பிரித்து, அரை மணி இடைவெளி விட்டு அனுப்புங்கள்.

"நடப்பீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "கடைசியா ரெண்டு மணி நேரம் உட்காராம நடந்தது எப்போ?" என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மை வெளியே வரும். சர்க்கரை, ஆஸ்துமா, மூட்டுவலி போன்றவற்றை வாட்ஸாப் குழுவில் கேட்காதீர்கள்; யாரும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டு, மாத்திரை எந்தப் பையில் இருக்கிறது என்பதுவரை தெரிந்துகொள்ளுங்கள். முக்கியமாக முழங்கால். ஏறும்போது மூச்சு வாங்குகிறவர் சற்று நின்றால் சரியாகிவிடுவார். இறங்கும்போது முழங்கால் பிடித்துக்கொண்டவரை ஒன்றும் செய்ய முடியாது. இந்த வழியில் இறக்கத்துக்குக் குறைவில்லை.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவை அழைத்துப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். வயதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தைப்பூசத்துக்கு ஆண்டுதோறும் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு நடக்கிறவர் என் மாமியார். சேலையை இழுத்துச் செருகி, மகளுடைய ஓட்டக் காலணியை மாட்டிக்கொண்டு, கணினி வேலைப் பையன்கள் நான்கு பேரை மூன்றாவது குன்றிலேயே பின்னுக்குத் தள்ளிவிட்டார். பிறகு திரும்பி, "ஏன் மாப்பிள்ளை, இங்க தண்ணிப் பந்தல் ஒண்ணும் கிடையாதா?" என்றார். கிடையாது. பாதயாத்திரைக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசமே அதுதான். மோரும் கிடையாது, அன்னதானமும் கிடையாது. குடிக்கிற தண்ணீர் அத்தனையும் உங்கள் முதுகில்தான்.

நாள் பார்ப்பது

முதல் முறைக்கு மே, ஜூன் அல்லது செப்டம்பர். ஜூனில் இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். குழு எவ்வளவு மெதுவாக நடந்தாலும் கவலையில்லை. மே மாதத்தில் புல்வெளியெங்கும் சிறு பூக்கள். தலைக்கு மேலே வானம்பாடி விடாமல் பாடிக்கொண்டிருக்கும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே சூரியன் போய்விடும். அக்டோபர் கடைசியில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைப்பார்கள், மறந்துவிடாதீர்கள். அந்த ஞாயிறுக்குப் பிறகு பிப்ரவரி வரை புதியவர்களைக் கூட்டிக்கொண்டு நான் போவதில்லை.

மழையைவிடக் காற்றைப் பாருங்கள். மெட் ஆஃபீஸ் என்னும் வானிலை மையத்தின் முன்னறிவிப்பில் மழைப் படத்துக்குக் கீழே காற்றின் வேகமும், திடீரென்று அடிக்கிற வீச்சின் வேகமும் தனித்தனியாக இருக்கும். வீச்சு மணிக்கு 40 மைலுக்கு மேல் என்றால் நாங்கள் நடையை ஒத்திவைத்துவிடுவோம். திறந்த மலைமுகடு, ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை, ஒரு பக்கம் பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. எங்கள் குழுவில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணா முதல் தடவை பெரிய கறுப்புக் குடையோடு வந்தார். முதல் குன்றிலேயே குடை பூவாய் விரிந்து உடைந்தது. "தம்பி, இந்தக் காத்துக்கு மழைக்கோட்டுத்தான் சரி, குடை நிக்காது" என்று அன்றிலிருந்து புதியவர்களுக்கெல்லாம் அவரே பாடம் எடுக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் பாதைப் பராமரிப்பு நடந்தால் பாதி வழியில் இறக்கிப் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். டிக்கெட் எடுக்குமுன் நேஷனல் ரயில் தளத்தில் அந்தத் தேதியைத் தட்டிப் பாருங்கள். கூடுமானவரை சனிக்கிழமையே நல்லது.

நேரக் கணக்கு

நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார். அதை இன்றும் பயன்படுத்துகிறார்கள். சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர். ஏற்றம் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். நம் வழியில் ஒவ்வொரு குன்றும் சிறியதுதான். ஆனால் எல்லா ஏற்றத்தையும் கூட்டினால் 500 மீட்டர் அளவுக்கு வரும். ஆக, 15 கிலோமீட்டருக்கு மூன்று மணி, ஏற்றத்துக்கு ஐம்பது நிமிடம். நான்கு மணிக்குக் கொஞ்சம் குறைவு.

அது பழகிய கால்களின் கணக்கு. சாப்பாடு, படம் எடுப்பது, காலணிக் கயிறு கட்டுவது, கழிப்பறை வரிசை எதுவும் அதில் இல்லை. புதியவர்கள் உள்ள குழுவுக்கு ஆறு மணி நேரம் வையுங்கள். பதினொரு மணிக்கு எக்ஸீட்டில் நடக்கத் தொடங்கினால் ஐந்து மணிக்கு ஈஸ்ட்போர்ன். இந்த ஆறு மணியும் கடைசியாக வருகிறவரின் நேரம். முன்னால் போகிற இருவர் நான்கரை மணியில் முடிப்பார்கள் என்பது யாருக்கும் உதவாத தகவல். திரும்பும் ரயில், இருட்டுகிற நேரம், சாப்பாட்டு இடம் எல்லாவற்றையும் கடைசி ஆளை வைத்தே போடுங்கள்.

என்னென்ன எடுப்பது

காலணி பற்றி ஒரே ஒரு விதி: புதிதாக வாங்கியதைப் போட்டுக்கொண்டு வரக் கூடாது. விலை உயர்ந்த நடைக்காலணியை வெள்ளிக்கிழமை வாங்கி சனிக்கிழமை போட்டு வந்தவர்தான் மதியத்துக்குள் குதிகாலில் கொப்புளத்தோடு உட்காருவார். பழகிய ஓட்டக் காலணி போதும், அடியில் பிடிமானம் இருந்தால். கீழே இருப்பது சுண்ணாம்புப் பாறை. மழை பெய்த மறுநாள் சவர்க்காரம் தேய்த்ததுபோல வழுக்கும்.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், காயவே காயாது. மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மேலே காற்றும் மழையும் புகாத ஒரு கோட்டு. ஏறும்போது வியர்க்கும், மேலே போனதும் நடுங்கும். கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பீர்கள். கோடையில் தொப்பியும் வெயில் களிம்பும் அவசியம். "நமக்கெல்லாம் வெயில் பழக்கம்" என்பவர்கள் மாலையில் மூக்குத் தோல் உரிந்து நிற்பார்கள். கடல் காற்றில் சூடு தெரியாது, அதுதான் காரணம்.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். சாப்பாடு கட்டுச்சோறு, இதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சப்பாத்திச் சுருள் எல்லாம் நன்றாகத் தாங்கும். தயிர்சாதம் வெயில் நாளில் வேண்டாம். கரண்டி எடுத்து வாருங்கள், கை கழுவ இடமில்லை. வாழைப்பழத் தோலை, ஆரஞ்சுத் தோலை "மக்கிவிடும்" என்று புல்லில் எறியாதீர்கள். எல்லாக் குப்பையும் வீட்டுக்கு வர வேண்டும், ஆளுக்கொரு பை.

குழுவுக்குப் பொதுவாக முதலுதவிப் பை ஒன்று, கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை, ஒரு மின்னேற்றி, ஒரு டார்ச், ஒரு விசில். ஆர்ட்னன்ஸ் சர்வே (ஓஎஸ்) வெளியிடுகிற எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓஎல்25 என்ற காகித வரைபடம் ஒருவரிடமாவது இருக்கட்டும். அதில் நடைபாதைகள் பச்சைக் கோடுகளாகத் தெரியும்; நம் நெடுவழி மீது பச்சை வைரக் குறிகள் இருக்கும். கைபேசி போதுமே என்பீர்கள். குன்றுகளின் மடிப்பில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

போகிற வழி

விக்டோரியாவிலிருந்து லூயிஸ் வரை ஒரு ரயில், அங்கே மாறி சீஃபோர்ட் வரை இன்னொன்று. மாற்றத்தோடு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி. லண்டனில் தட்டிப் பயணிக்கிற ஆயிஸ்டர் அட்டை காட்விக் விமான நிலையம் வரைதான் செல்லும். அதைத் தட்டிவிட்டு வந்து சீஃபோர்டில் நிற்காதீர்கள். டிக்கெட்டைப் போகும்போது சீஃபோர்டுக்கும், திரும்பும்போது ஈஸ்ட்போர்னிலிருந்தும் என்று எடுக்க வேண்டும். சாதாரண இருவழி டிக்கெட் இங்கே பொருந்துமா என்று நிலையத்தில் கேட்டு எடுப்பது பாதுகாப்பு.

சீஃபோர்டில் ஈஸ்ட்போர்ன் பக்கம் போகிற 12-ஆம் எண் பேருந்து. பிரைட்டனிலிருந்து வருவது. சீஃபோர்டோடு நின்றுவிடுகிற வண்டிகளும் உண்டு. ஏறும்போதே ஓட்டுநரிடம் "செவன் சிஸ்டர்ஸ் பார்க் சென்டர்" என்று கேட்டுவிடுங்கள். பத்து நிமிடத்தில் குக்மியர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி இறக்கிவிடுவார். அதுதான் எக்ஸீட்.

கால் வலுவாக உள்ள குழு சீஃபோர்டிலிருந்தே கடற்கரை வழியாக நடக்கலாம். மொத்தம் 20 கிலோமீட்டருக்கு மேல் போகும். அப்படிப் போகிறவர்கள் ஆற்றின் முகத்துவாரத்துக்கு வந்ததும், எதிர்க்கரை கிட்டத்தில் தெரிகிறதே என்று தண்ணீரில் இறங்கக் கூடாது. பாலம் வரை உள்ளே நடந்து வந்துதான் கடக்க வேண்டும்.

நடை

எக்ஸீட்டில் எல்லோரும் கழிப்பறை போய் வரட்டும். வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்: அடுத்த கழிப்பறை ஏழு குன்றுகளும் முடிகிற பர்லிங் கேப்பில், இரண்டு இரண்டரை மணி நேரம் கழித்து. நடுவே மறைவுக்கு ஒரு புதர்கூடக் கிடைக்காது. பெண்கள் உள்ள குழுவில் இதை முன்கூட்டியே சொல்லாத தலைவர் அன்று முழுவதும் முணுமுணுப்புக் கேட்பார்.

பிறகு ஐந்து நிமிடம் பேசுங்கள். இன்றைக்கு வழிகாட்டி யார், வால் யார் என்று சொல்லுங்கள். "வால்" என்பது எங்கள் சொல். எப்போதும் கடைசியாக நடக்கிறவர். வாலுக்குப் பின்னால் எவரும் இருக்கக் கூடாது. வழியறிந்தவர், பொறுமைசாலி, பேச்சுத்துணை ஆகக்கூடியவர் எவரோ அவரையே வாலாகப் போடுங்கள். முன்னால் நடப்பதற்கு யார் வேண்டுமானாலும் போதும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதல் தடவை நானே முன்னால் வேகமாகப் போனேன். நான்காவது குன்றில் திரும்பிப் பார்த்தால் இருவரைக் காணோம். சிக்னல் இல்லை. ஒருவருக்குக் கால் பிடித்துக்கொள்ள, இருவரும் உள்பக்கம் தெரிந்த பாதையில் இறங்கி, ஊரைக் கண்டுபிடித்து, ஈஸ்ட் டீன் கிராமத்துப் பப்பில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அது தெரியாமல் நாங்கள் ஒன்றரை மணி நேரம் குன்று குன்றாகத் தேடினோம். "நீங்க திரும்பியே பார்க்கலையேண்ணா" என்று அந்தத் தங்கை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் விதி: ஒவ்வொரு கதவிலும், ஒவ்வொரு குன்றின் உச்சியிலும் முன்னால் போனவர்கள் நிற்க வேண்டும். வால் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடக் கூடாது. முன்னால் வந்தவர்கள் அதுவரை நின்று இளைப்பாறியிருப்பார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்கிற கடைசி ஆளுக்கு ஓய்வே கிடைக்காமல் போகும். அவர் வந்தபின் இரண்டு நிமிடம், தண்ணீர் குடித்து முடிக்கும்வரை, எல்லோரும் காத்திருங்கள்.

சாலையைக் கடந்து, ஓக் கொட்டைக் கம்பத்தைப் பார்த்து மேலே ஏறினால் இடப்பட்ட கோலம்போல வளைந்து வளைந்து குக்மியர் ஆறு தெரியும். படம் எடுக்க இதுவே நல்ல இடம். கடைசியில் விளிம்பில் போய் எடுக்கிற ஆசையை இங்கேயே தீர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கிருந்து இறங்கி ஏறினால் முதல் சகோதரி, ஹேவன் ப்ரோ. 77 மீட்டர், எல்லோரிலும் உயரமானவள் இவள்தான், மூச்சு வாங்க வைப்பவளும் இவள்தான். "இது மாதிரி இன்னும் ஆறா?" என்று குரல் வரும். மற்றவை இதைவிடச் சிறியவை என்று சொல்லித் தேற்றுங்கள். பெயர் ஏழு சகோதரிகள் என்றாலும், ஏறி இறங்கி எண்ணிக்கொண்டு வந்தால் எட்டு வரும்; நடுவே ஃப்ளாட் ஹில் என்ற ஒரு சின்ன மேடு கணக்கில் சேராமல் கிடக்கிறது. எட்டாவது வரும்போது எவரும் வாக்குவாதம் செய்கிற நிலையில் இருக்க மாட்டார்கள்.

வழி தவற வாய்ப்பே இல்லை. கடலை வலப்பக்கம் வைத்து நடந்தால் சரி. புல் கம்பளம் விரித்ததுபோல இருப்பது ஆடுகள் மேய்வதால். கதவுகளைத் திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியும் விட்டுச் செல்லுங்கள். மாடு நின்றால் நமக்குப் பயமில்லை என்று தடவிக்கொடுக்கப் போகாதீர்கள். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே புகாமல் சுற்றிப் போங்கள்.

விளிம்பும் கடலும்

இந்த வெள்ளைப் பாறை, டைனோசர்கள் உலவிய காலத்துக் கடலடியில் கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து இறுகியது. நடுநடுவே கறுப்பு வரிசையாகத் தெரிவது சிக்கிமுக்கிக் கல். நகத்தால் கீறினால் உதிர்கிற அளவுக்கு மென்மையான பாறை இது. அலை கீழே அரிக்க, மேலே புல் மட்டும் கூரைபோல நீட்டிக்கொண்டு நிற்கும். நிற்கிறவருக்குத் தன் காலுக்குக் கீழே ஒன்றுமில்லை என்பது தெரியாது. பர்லிங் கேப்பில் விளிம்போரம் இருந்த வீட்டு வரிசையில் சில வீடுகளை இடித்தே அகற்றினார்கள். அதைத் தாண்டிப் போனால் பெல் டூட் கலங்கரை விளக்கம். 1832-இல் கட்டியது, விளிம்பு நெருங்கி வந்ததால் 1999-இல் 850 டன் கட்டடத்தை அப்படியே தூக்கி 17 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். கட்டடமே தள்ளி நிற்கும்போது நாம் எம்மாத்திரம்?

ஆகவே விளிம்பிலிருந்து குறைந்தது ஐந்து மீட்டர். பத்து என்று சொல்லி வையுங்கள், ஐந்தாவது மிஞ்சும். விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுகிற படம், குதித்து எடுக்கிற படம் இரண்டும் எங்கள் குழுவில் தடை. இதில் நட்புக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

பாறைக்கு அடியில் கடற்கரை வழியாக நடந்து போகலாமே என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். வேண்டாம். கடல் ஏறினால் முன்னும் போக முடியாது, பின்னும் வர முடியாது. மேலிருந்து கல்லும் விழும். பர்லிங் கேப்பில் கரைக்கு இறங்கும் படி திறந்திருந்தால் இறங்கிக் கூழாங்கல்லில் உட்கார்ந்து வரலாம், அதோடு சரி. குளிக்க இறங்காதீர்கள். 2016 ஆகஸ்டில் இதே ஈஸ்ட் சசெக்ஸ் கரையில், கேம்பர் சாண்ட்ஸில், லண்டனிலிருந்து போன ஐந்து தமிழ் இளைஞர்கள் ஒரே நாளில் மூழ்கி இறந்தார்கள். நம் வீடுகள் பலவற்றில் இன்றும் அந்தச் செய்தி பேசப்படுகிறது.

முடியவில்லை என்றால்

கிளம்புமுன் தலைவரும் வாலும் சேர்ந்து வரைபடத்தில் மூன்று வெளியேறும் வழிகளைப் பார்த்து வையுங்கள். முதலாவது, குன்றுகளுக்கு நடுவில் க்ரோலிங்க் வழியாக உள்நாட்டுப் பக்கம் ஃப்ரிஸ்டன் குளத்தடிக்கு. அங்கே பெருஞ்சாலையில் 12-ஆம் எண் பேருந்து போகும். இரண்டாவது, பர்லிங் கேப்பிலிருந்து ஈஸ்ட் டீனுக்கு இரண்டரை கிலோமீட்டருக்குள், அதே பேருந்து. மூன்றாவது, ஈஸ்ட்போர்னுக்கு முந்தைய கடைசி உச்சியான பீச்சி ஹெட்டில் சாலை பக்கத்திலேயே இருப்பதால் டாக்ஸி வரும். வெளியேறுகிறவரைத் தனியாக அனுப்பாதீர்கள். கூட ஒருவர் போகட்டும். யார் போவது என்பதைக் காலையிலேயே பேசி வைத்தால் அந்த நேரத்தில் மனத்தாங்கல் வராது.

பர்லிங் கேப்தான் முடிவெடுக்கும் இடம். நேஷனல் ட்ரஸ்ட் தேநீர்க் கடை, கழிப்பறை, தண்ணீர் எல்லாம் உண்டு. சாப்பாட்டை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடிந்ததும் கடைசி ஆளிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் "முடியுமா?" என்றால் "முடியும்" என்றுதான் பதில் வரும். இனி இருப்பது பெல் டூட் ஏற்றம், ஒரு நீண்ட இறக்கம், பிறகு 162 மீட்டர் பீச்சி ஹெட் ஏற்றம். நாட்டிலேயே உயரமான சுண்ணாம்புக் கடற்பாறை அது. சாப்பிட்ட வயிற்றோடு ஏறுவது சிரமம், மெதுவாகவே போங்கள்.

விழுந்து அடிபட்டால் 999. கடலோரத்திலோ பாறை விளிம்பிலோ என்றால் கோஸ்ட்கார்டை, அதாவது கடலோர மீட்புப் பிரிவை, கேளுங்கள். இருக்கும் இடத்தைச் சொல்ல, கைபேசி வரைபடத்தில் காட்டுகிற எண்களையோ வாட் த்ரீ வேர்ட்ஸ் செயலியின் மூன்று சொற்களையோ படித்துக் காட்டலாம்.

இறக்கமும் வீடும்

பீச்சி ஹெட்டில் கீழே எட்டிப் பார்க்காமலேயே, சற்றுத் தள்ளி நின்று சிவப்பும் வெள்ளையுமான கலங்கரை விளக்கத்தைப் பார்க்க இடமுண்டு. 1902 முதல் கடலுக்குள் நிற்கிறது. அதன்பின் ஈஸ்ட்போர்ன் ஊர் முழுவதும் கீழே விரியும். "வந்தாச்சு" என்று எல்லோரும் ஓடுகிற இறக்கம் இது. கால் தளர்ந்த நேரத்தில் செங்குத்தாக இறங்குகிறது. கணுக்கால் சுளுக்குகள் எங்கள் குழுவில் பெரும்பாலும் இங்கேதான் நடந்திருக்கின்றன. வாலை இங்கே நடுவில் விட்டு, தலைவர் கடைசியாக இறங்குங்கள். வழி முடிகிற இடத்தில் பெயர்ப்பலகை இருக்கும். அங்கிருந்து நிலையம் வரை இன்னும் அரை மணி ஊருக்குள் நடக்க வேண்டும் என்பதைக் காலையிலேயே சொல்லியிருந்தால் நல்லது. சொல்லாவிட்டால் அந்த அரை மணிதான் நாளிலேயே நீளமானது.

நிலையத்துக்கு வெளியே ஒரு முறை தலையை எண்ணுங்கள், ரயிலில் ஏறியபின் இன்னொரு முறை. விக்டோரியாவுக்கு ஒன்றரை மணி. பெரும்பாலும் எல்லோரும் தூங்கிவிடுவார்கள்.

வீட்டுக்குப் போனதும் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடி அடியில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் நுனி மெல்லிய சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும்; நெருப்பு வைப்பது, எண்ணெய் ஊற்றுவது கூடாது. அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் வட்டமாகச் சிவந்தால் ஜிபியிடம் (குடும்ப மருத்துவர்) போய், இந்தக் குன்றுகளில் நடைபோய் வந்ததைச் சொல்ல வேண்டும். காலணியில் ஒட்டிய வெள்ளைச் சேற்றை அன்றிரவே கழுவிவிடுங்கள். காய்ந்தால் சுவருக்கு அடித்த சுண்ணாம்புபோலப் பிடித்துக்கொள்ளும்.